நல்ல வலி

பெரிய யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு, ஓர் ஐப்பசி மாதத்தில், சேரன்மகாதேவிப் பக்கம் நடந்தது இது. தாமிரபரணியில் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இப்போது தங்கை மகள் வீட்டில் ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டு இதை எழுதுகிறேன். சில பெயர்கள் மறந்துவிட்டன. மறக்காத பெயர்களையும் எழுதப் போவதில்லை.

என்னைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆசாரமான சைவக் குடும்பம். கல்யாணமான அடுத்த வருஷமே அவர் காலராவில் போய்விட்டார். அப்பா கோர்ட்டில் குமாஸ்தா. மகள் மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணச் சகிக்காமல், வீடு வீடாக வந்து தையலும் படிப்பும் சொல்லித் தந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளிடம் என்னை இங்கிலீஷ் படிக்க விட்டார். ஊர் என்னென்னவோ பேசியது. அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஐந்தாறு வருஷத்தில் நான் நன்றாகவே தேறிவிட்டேன். தலைக்கனம் பிடிக்கும் அளவுக்குத் தேறினேன் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

ஆற்றுக்குத் தெற்கே பெண்களுக்கென்று ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. எட்டுக் கட்டில், ஒரு மருந்து அறை, ஒரு வில்வண்டி, அவ்வளவுதான். அங்கே புதிதாக ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா வந்தார். முப்பது வயது இருக்கும். நல்ல கெட்டிக்காரி, ஆனால் தமிழில் அவருக்குத் தெரிந்தது வா, போ, நாக்கை நீட்டு, பயப்படாதே, இந்த நான்கும்தான். இந்த நான்கை வைத்துக்கொண்டு வயிற்றுவலிக்காரியிடம் என்ன கேட்க முடியும்? மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும், பெண்ணாக இருக்க வேண்டும் என்று தேடி என்னைப் பிடித்தார்கள். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பியதும் கொல்லைக் கிணற்றடியில் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், ஆஸ்பத்திரியில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்கிற இரண்டு நிபந்தனைகளோடு அம்மா சம்மதித்தாள். காலையில் ஒரு கூஜாவில் தண்ணீரும் ஒரு தூக்கில் சோறும் எடுத்துக்கொண்டு நான் வேலைக்குப் போவதைத் தெருவே ஜன்னல் வழியாகப் பார்க்கும்.

அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்லி முடியாது. மருந்து அறையின் வாடை, கழுவி ஊற்றிய தரையின் ஈரம், காலையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களின் பேச்சு எல்லாம் இப்போதும் நினைவில் இருக்கின்றன. எல்லாவற்றையும்விடப் பிடித்தது என் நோட்டுப் புத்தகம். நம் பெண்கள் வலியைச் சொல்லும்போது எத்தனை விதமாகச் சொல்லுகிறார்கள்! குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, உளைகிறது, பிசைகிறது, இழுக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது, சுள்ளென்று பாய்கிறது. இவற்றை இடது பக்கம் எழுதுவேன். வலது பக்கம் அதற்குரிய இங்கிலீஷ் வார்த்தை. சுள்ளென்று வந்தால் ஷார்ப். விண்விண் என்றால் த்ராபிங். மந்தமாக இருந்தால் டல். அக்யூட் என்பதும் ஸிவியர் என்பதும் ஒன்றுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாதான் பிரித்துச் சொன்னார்: அக்யூட் என்றால் திடீரென்று வந்தது, ஸிவியர் என்றால் கடுமையானது, ஒரு வலி லேசாக இருந்துகொண்டே அக்யூட்டாகவும் இருக்கலாம். அன்றைக்கு எனக்கு ஒரு நகை கிடைத்த மாதிரி சந்தோஷம். ராப்பகலாக அந்த நோட்டோடுதான் இருந்தேன். ஒரே மாதிரி தோன்றும் நான்கு வார்த்தைகளில் எது பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று ஓர் எண்ணம்.

பிரசவ அறையில் டாக்டரம்மா ஒரு வார்த்தை அடிக்கடி சொல்லுவார். வயிற்றில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். வலி வந்து, நின்று, மறுபடி முறையாக வந்தால் முகம் மலர்ந்து, 'குட் பெயின்ஸ்' என்பார். பிள்ளை ஒழுங்காக இறங்கி வருகிறது, கவலை இல்லை என்று அர்த்தம். 'வலியில் என்ன குட்?' என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதையும் நோட்டில் ஏற்றிக்கொண்டேன். பிரசவ வலிக்குச் சரியான இங்கிலீஷ் அடைமொழி குட். பாருங்கள், எவ்வளவு ஒழுங்காகப் படித்திருக்கிறேன்.

அன்று காலை ஏழு மணி இருக்கும். தூறல் விட்டிருந்தது. ஒரு பெரிய பண்ணையார் வீட்டுக் கணக்கப்பிள்ளை வந்து டாக்டரம்மா எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டு மருமகளுக்குத் தலைப்பிரசவம், விடியற்காலையிலிருந்து வலி. வலி எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னார் டாக்டரம்மா. கணக்கப்பிள்ளைக்குப் பேசச் சொல்லித் தர வேண்டுமா? சொல்லி முடியாத வேதனை, துடியாய்த் துடிக்கிறாள், உயிர் போய் உயிர் வருகிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். எனக்கோ முதல் நாள்தான் அகராதியில் எக்ஸ்க்ருஷியேட்டிங், அதாவது சித்திரவதை போன்ற, என்று ஒரு வார்த்தை கிடைத்திருந்தது. உபயோகிக்க ஓர் இடம் கிடைக்காதா என்று காத்துக்கொண்டிருந்தேன். எடுத்து வீசினேன். டாக்டரம்மா புருவத்தை உயர்த்தி, வண்டியைப் பூட்டச் சொன்னார்.

அப்போதுதான் கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்தடியில், இன்னொரு ஆள் நிற்பது தெரிந்தது. முழங்கால் வரைக்கும் சேறு. தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். அக்கரையில் வயல் வேலை செய்கிறவர். அந்தக் காலத்தில் அவர்கள் உள்ளே வர மாட்டார்கள். வாருங்கள் என்று நாமும் சொல்ல மாட்டோம். ஆஸ்பத்திரிக்காரர்கள் எத்தனை தடவை கூப்பிட்டாலும் கேட்டுக்கு வெளியேதான் நிற்பார்கள். நான் வராந்தா ஓரத்துக்குப் போய் அங்கிருந்தே என்ன விஷயம் என்று கேட்டேன். பெண்சாதிக்கு மூன்றாவது பிரசவம், நேற்றுப் பொழுது சாய்ந்ததிலிருந்து வலி என்றார். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்ல வலிதான் தாயி," என்றார் அவர். "வாயத் தொறக்க மாட்டேங்கா."

அதிர்ந்துகூடப் பேசவில்லை. சந்தைக்குப் போய்வந்த சேதி சொல்லுகிற மாதிரி பைய சொன்னார். நான் திரும்பி டாக்டரம்மாவிடம், மூன்றாவது பிரசவம், குட் பெயின்ஸ் என்றேன். வாயைத் திறக்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. வாயைத் திறக்காதது ஒரு நோயா என்ன?

தமிழச்சிதானே நீ, நல்ல வலி என்றால் உனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தெரியும். காய்ச்சல் அனலாய்க் கொதித்தால் நல்ல காய்ச்சல் என்று நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் என் காதில்தான் தமிழ் விழுந்தது, மனசில் இங்கிலீஷ் நின்றுகொண்டிருந்தது. நல்ல என்றதும் குட் வந்து டப்பாவுக்கு மூடி போல உட்கார்ந்துகொண்டது. யோசிக்கவே இல்லை.

டாக்டரம்மாவிடம் இருப்பதோ ஒரு வண்டி, ஒரு கைப்பெட்டி. பண்ணையார் வீடு தெற்கே இரண்டு மைல். அக்கரைக்குப் போவதென்றால் வடக்கே ஒரு மைல் போய், ஓடத்தில் ஆற்றைக் கடந்து, அப்புறம் வயல் வரப்பில் நடக்க வேண்டும். எக்ஸ்க்ருஷியேட்டிங் ஒரு பக்கம், குட் ஒரு பக்கம். எதை முதலில் பார்ப்பார்கள்? யாராக இருந்தாலும் தெற்கேதான் போவார்கள். மத்தியானத்துக்கு மேல் வருகிறோம் என்று அந்த ஆளிடம் சொல்லச் சொன்னார். சொன்னேன். "சரி தாயி," என்று சொல்லி, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

பண்ணையார் வீட்டில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் பதினாறு வயதுக்குரிய பயத்தில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். மாமியார், நாத்தனார், அத்தைமார் என்று கட்டிலைச் சுற்றி ஒரு படை. டாக்டரம்மா எல்லாரையும் விலக்கிவிட்டு, பெண்ணின் வயிற்றில் கையை வைத்து வலி வந்து போவதைக் கவனித்தார். பிறகு சோதித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. எங்களோடு வந்த நர்ஸம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சாயங்காலம் வரை ஆகும், ஒரு கோளாறும் இல்லை, குட் பெயின்ஸ், வெரி குட் பெயின்ஸ் என்றார்.

எனக்கும் உற்சாகம். மாமியார் பக்கம் திரும்பி, பயப்பட வேண்டாம், நல்ல வலிதானாம் என்றேன்.

அந்த அம்மாள் அப்படியே நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். "நல்ல வலின்னு அவுகளே சொல்லிட்டாகளா? அதத்தானே நானும் காலையில இருந்து சொல்லுதேன். இந்தப் பிள்ள எப்படித் தாங்குவா?" என்று புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழ ஆரம்பித்துவிட்டாள். அத்தைமாரும் சேர்ந்துகொண்டார்கள்.

இல்லையம்மா, அந்த நல்ல இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாய் எடுத்தபடி நின்றுவிட்டது. அந்த நல்ல இல்லை என்றால் எந்த நல்ல? வேப்பமரத்தடியில் நின்ற ஆள் சொன்னது எந்த நல்ல? நல்ல வலிதான் தாயி, வாயத் தொறக்க மாட்டேங்கா. அவர் சொன்னது அப்போதுதான் என் காதில் விழுந்தது.

டாக்டரம்மாவின் கையைப் பிடித்தேன். அதற்கு முன்பு ஒருநாளும் அவரைத் தொட்டதில்லை. நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அக்கரை ஆள் சொன்னது குட் இல்லை என்றேன். அப்படியானால் என்ன சொன்னார் என்று கேட்டார். நோட்டுப் புத்தகம் நிறைய அடைமொழி வைத்திருந்த எனக்கு அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை. ஸிவியர் வரவில்லை, அக்யூட் வரவில்லை. குழந்தைகள் முதல் பாடத்தில் படிக்கிற வார்த்தைதான் வந்தது. "பேட்," என்றேன். "வெரி பேட்." அவள் வாயே திறக்கவில்லையாம் என்பதையும் சொன்னேன்.

டாக்டரம்மா ஒரு நொடி என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. பிறகு நர்ஸம்மாவை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டார். வீடே வாசலில் வந்து மறித்தது. நடுவில் விட்டுவிட்டு எங்கே போகிறீர்கள், நாங்கள்தானே முதலில் ஆள் அனுப்பினோம் என்று பண்ணையாரே வந்து கேட்டார். அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் போக்குவரத்து உண்டு. நாளைக்கே அம்மா காதுக்கு விஷயம் போகும். எல்லாவற்றுக்கும் நான்தான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. வண்டிக்காரரிடம் ஓட்டுங்கள் அண்ணாச்சி, ஓட்டுங்கள் என்று கத்தினது மட்டும் நினைவிருக்கிறது.

நாங்கள் ஆற்றங்கரைக்கு வந்தபோது பதினொரு மணிக்கு மேல் ஆகிவிட்டது. மேற்கே மலையில் நல்ல மழை. ஆறு இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. துறையில் ஓடம் நின்றது. ஓடத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்த ஆள் தண்ணீரில் இடுப்பளவுக்கு நின்றுகொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "நீங்க வார நேரத்துல ஓடம் அக்கரையில கெடந்துச்சுன்னா சுணங்கிருமே தாயி. அதான் பிடிச்சு வச்சிருக்கேன்," என்றார். நாலு மணி நேரமாக அங்கேயே நிற்கிறார். மத்தியானத்துக்கு மேல்தான் வருவோம் என்று நான் சொல்லியிருந்தேன், முன்னாலேயே வந்தாலும் வந்துவிடுவோம் என்று ஒரு நம்பிக்கையில் நின்றிருக்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஓடக்காரருக்கு இஷ்டமில்லை. "ஏலே, வெள்ளத்தப் பாத்தியா? தொரசானிக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்குத் தூக்குக் கயிறுதான்," என்று அந்த ஆளைப் பார்த்து முறைத்தார். டாக்டரம்மாவுக்கு ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் ஓடத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் ஓடக்காரரால் என்ன சொல்ல முடியும்? நானும் ஏறினேன். எனக்கு நீந்தத் தெரியாது. ஓடம் சுழலில் ஒரு தடவை சாய்ந்தபோது, நான் போனாலும் சரி, இந்த அம்மாளும் அந்தப் பெட்டியும் அக்கரை சேர்ந்தால் போதும் என்று நெல்லையப்பரை வேண்டிக்கொண்டேன்.

வயலை ஒட்டி ஒரு பனையோலைக் குடிசை. உள்ளேயிருந்து சத்தமே இல்லை. சத்தமில்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊர் மருத்துவச்சி வெளியே ஓடிவந்து, "பிள்ள குறுக்க கெடக்கும்மா. கை முன்னால வந்துட்டு," என்றாள். அதை மொழிபெயர்க்க எந்த அடைமொழியும் தேவைப்படவில்லை. டாக்டரம்மா கையைக் கழுவ வெந்நீர் கேட்டார்.

அந்தப் பெண் சுருட்டிய சேலைத் துணி ஒன்றை வாயில் கடித்துக்கொண்டு கிடந்தாள். வெளியே மாமனாரும் மற்ற ஆம்பிளைகளும் நிற்கிறார்கள், சத்தம் காட்டக் கூடாதாம். வலி எப்படி இருக்கிறதென்று கேள் என்றார் டாக்டரம்மா. குனிந்து கேட்டேன். துணியை எடுத்துவிட்டு, "ஒண்ணுமில்ல தாயி. சும்மாதான்," என்றாள்.

இந்தத் தடவை நான் வார்த்தையைத் தேடவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லுகிறாள், ஆனால் துணி பல்லில் கிழிந்திருக்கிறது, நகம் பதிந்து உள்ளங்கையில் ரத்தம் வருகிறது, வலி நடுவில் விடவே இல்லை என்று மருத்துவச்சி சொல்லுகிறாள் என்று பார்த்ததையும் கேட்டதையும் அப்படியே சொன்னேன். டாக்டரம்மா தலையை ஆட்டினார். மயக்க மருந்தைத் துணியில் சொட்டுச் சொட்டாக விடும் வேலையை என்னிடம் கொடுத்தார். ஒவ்வொரு சொட்டையும் எண்ணி எண்ணி விட்டேன்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஓலைக் கூரையில் அது விழும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. டாக்டரம்மா பிள்ளையை உள்ளேயே திருப்பி, காலைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். பெண் குழந்தை. நாவல்பழம் மாதிரி நீலம் பாரித்திருந்தது. அசைவில்லை. வாயைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, குழந்தையின் வாயில் தன் வாயை வைத்து டாக்டரம்மா மெல்ல மெல்ல ஊதினார். எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். எனக்கு ஒரு வருஷம். கடைசியில் கோழிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. மருத்துவச்சி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன்.

எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. என் கூஜா பண்ணையார் வீட்டுக் கூடத்திலேயே கிடந்தது. தண்ணீர் கேட்டேன். எங்க வீட்டுத் தண்ணியா என்று தயங்கினார்கள். நானே பானையில் மொண்டு குடித்தேன். அம்மாவிடம் இதைக் கடைசி வரைக்கும் சொல்லவில்லை.

இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் கர்ப்பப்பை கிழிந்திருக்கும், இரண்டு உயிரும் இருந்திருக்காது என்று கை கழுவும்போது டாக்டரம்மா சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாகவும் எதுவும் சொல்லவில்லை. திரும்பும்போது ஓடத்தில், நல்ல என்றால் என்னவென்று எனக்குச் சொல், எல்லா நல்லவற்றையும் சொல் என்றார். சொன்னேன். நல்ல மனுஷன், நல்ல தண்ணீர், நல்ல எண்ணெய் என்றேன். நல்ல மழை, நல்ல அடி, நல்ல காய்ச்சல் என்றேன். கடைசியில் நல்ல பாம்பு என்று சொல்லி, அது எந்தப் பாம்பு என்றும் சொன்னபோது அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். அப்படியானால் எந்த நல்ல என்று உங்கள் ஜனங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

சொல்லுகிறவர் முகத்தைப் பார்த்தால் தெரியும் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கணக்கப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்; அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த ஆள் கேட்டுக்கு வெளியே நின்றார். நான் வராந்தாவை விட்டு இறங்கவில்லை. பண்ணையார் வீட்டுக்குப் போனால் எனக்கு நல்ல காப்பி கிடைக்கும் என்ற நினைப்புக்கூட அன்று காலையில் ஒரு மூலையில் இருந்தது. எல்லாப் பழியையும் இங்கிலீஷ் மேல் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது.

பண்ணையார் வீட்டு மருமகளுக்கு அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் நர்ஸம்மா கையில் ஆண் குழந்தை சுகமாகப் பிறந்தது. இருந்தும் அவர்கள் ரொம்ப நாள் எங்கள் வீட்டோடு பேசவில்லை.

நாற்பது நாள் கழித்து அக்கரைப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு புருஷனோடு வந்தாள். மடியில் புது அவல் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இருவரும் பழையபடி வேப்பமரத்தடியில் நின்றார்கள். நான் இறங்கிப் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். இத்தனை நாள் மனசில் கிடந்து அறுத்ததை அவளிடம் கொட்டிவிட்டேன். உன் புருஷன் சொன்ன ஒரு வார்த்தையை நான் தப்பாகச் சொன்னதால்தான் அன்றைக்கு அவ்வளவு நேரமானது, நீ செத்திருப்பாய், என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் என்ன வார்த்தை என்று கேட்டாள். சொன்னேன்.

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அவுக சொன்னதுல என்ன தப்பு? அன்னைக்கு நல்ல வலிதான். இந்தா, இது நல்ல பிள்ள," என்று குழந்தையை என் மடியில் போட்டாள்.

யுத்தம் வந்ததும் ஊருக்குப் போன டாக்டரம்மா திரும்பி வரவில்லை. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவர் இருந்த இரண்டு மூன்று வருஷமும், நோயாளி நல்ல என்று சொன்னால் நான் அதை மொழிபெயர்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். நல்ல என்றே நான் சொல்ல, அவரும் கோணல்மாணலான தமிழ் எழுத்தில் அப்படியே எழுதிக்கொண்டு, நேரே போய் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பார். ஆஸ்பத்திரி, வில்வண்டி, வேப்பமரம் எதுவும் இப்போது இல்லை. என் நோட்டு மட்டும் இருக்கிறது. அதில் நல்ல என்ற வார்த்தைக்கு எதிரே வலது பக்கத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். இன்றைக்கும் யாராவது என்னிடம் நல்ல என்று பேச்சை ஆரம்பித்தால், என் கண் தானாக அவர்கள் முகத்துக்குத்தான் போகிறது.